இருபத்தொன்றும் முப்பத்தொன்றும்

எங்கள் கம்பெனியில் டெலிபோன் போர்டு இருந்த அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஆபரேட்டர் யூனிஸிடம் இருந்தது. மற்றொன்று என்னிடம். ஏனென்றால் டெலக்ஸ் மெஷினும் அதே அறையில்தான் இருந்தது. பம்பாய் ஆபீஸிலிருந்து செய்தி வந்தால் அது தானாகத் தடதடவென்று அடித்துத் தாளைத் தள்ளும். அந்தத் தாளைக் கிழித்தெடுத்து உரிய பிரிவுக்குச் சேர்ப்பதும், பதில் எழுதுவதும் என் வேலை.

என் பெயர் வேதாசலம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த பம்புசெட் கம்பெனியில் நிர்வாகப் பிரிவு கிளார்க். ரோட்டைப் பார்த்து இரண்டு மாடி ஆபீஸ், பின்னால் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி. நான் உத்திரமேரூர் போர்டு ஹைஸ்கூலில் படித்தவன். தேதி, பொருள், பார்வை, அதன்பின் எண் போட்ட பத்திகள் என்று அங்கே கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த முறைதான் எனக்குச் சோறு போட்டது. லீவு லெட்டரோ, ரேஷன் கார்டுக்கு மனுவோ, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்க விண்ணப்பமோ, எல்லாவற்றுக்கும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். "வேதாசலம் எழுதிட்டா அதுல ஓட்டை கண்டுபிடிக்க முடியாதுய்யா" என்பார் பர்சனல் மானேஜர் ஸ்ரீரங்கன். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனதுண்டு.

அந்த டெலிபோன் போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து மூன்று லைன்கள் அதில் வந்து சேரும். ஆபீஸுக்குள்ளும் ஃபவுண்டரியிலும் ஐம்பது போன்கள். ஒவ்வொரு போனுக்கும் போர்டில் ஒரு துளை. வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை. வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் யூனிஸ்தான் எடுப்பாள். யார் வேண்டும் என்று கேட்டு, வயர் முனையில் இருக்கும் பிளக்கை அந்த ஆளின் துளையில் செருகுவாள். அவள் கை போகிற வேகத்தைப் பார்த்தால் தறி நெய்கிற மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை மட்டும் வழக்கம் வேறு. ஆபீஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். ஃபவுண்டரியில் ஆறு மணி வரை ஷிப்டு உண்டு. ஆகவே யூனிஸ் கிளம்புமுன் மூன்று லைன்களையும் மூன்று இடங்களுக்கு நேராகச் செருகிவிட்டுப் போவாள். முதல் லைன் ஜெனரல் மானேஜர் பங்களாவுக்கு. இரண்டாவது கேட்டுக்கு. மூன்றாவது முப்பத்தோராம் துளைக்கு, அதாவது தொழிலாளர் வருகையைப் பதியும் ஃபவுண்டரி டைம் ஆபீஸுக்கு. 'சனிக்கிழமை பிற்பகலில் தொழிலாளர் வீட்டார் அவசரத் தகவல் சொல்ல வேண்டுமானால் மூன்றாவது எண்ணைக் கூப்பிடவும்' என்று ஒரு சுற்றறிக்கை கேண்டீன் சுவரில் ஒட்டியிருந்தது. அதை எழுதியவன் நான்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதம். என் தங்கை திரிபுரசுந்தரிக்கு நங்கநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுடைய அப்பா ஏகாம்பரம் ரெவின்யூவில் இருந்து ரிட்டயரானவர். பெண் பார்க்க வந்த அன்று மிக்சரைக் கொறித்துக்கொண்டே, "தம்பி கம்பெனில ஆபீசருங்களா?" என்று கேட்டார்.

"அந்த மாதிரிதாங்க" என்றேன்.

"டேபிள்ல போன் இருக்குமே?"

"இருக்குங்க. நேரா எனக்கே வரும்."

போன் இருந்தது உண்மை. எனக்கும் டைப்பிஸ்டுக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் கறுப்பாக உட்கார்ந்திருந்த இருபத்தொன்றாம் நம்பர். ஆனால் அது நேராக எனக்கு வராது. யூனிஸ் எடுத்து, "அட்மின் கிளார்க் வேதாசலமா? லைன்ல இருங்க" என்பாள். 'கிளார்க்' என்ற அந்த ஒரு சொல் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தால் போதும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லி, மூன்றாவது லைனின் எண்ணை அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கு எல்லாரும் போன பிறகு, என் சாவியால் போர்டு அறையைத் திறந்தேன். முப்பத்தொன்றில் இருந்த பிளக்கை எடுத்து அதற்கு நேர் மேலே இருந்த இருபத்தொன்றில் செருகினேன். ஒரு அங்குலம் கூட இராது. பதினைந்து நிமிஷம்தானே, பேசி முடித்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அறையைப் பூட்டிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் இல்லாத ஆபீஸில் சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

இரண்டு பத்துக்கு மணி அடித்தது. மூன்று முறை அடிக்க விட்டு எடுத்தேன்.

"வேதாசலம் ஸ்பீக்கிங்."

"அடேயப்பா, நேரா நீங்களே எடுத்துட்டீங்களே!" என்றார் ஏகாம்பரம். "எங்களுக்குப் பரிபூரண சம்மதம் தம்பி. ஆவணில முகூர்த்தம் பாத்துடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இறந்தபின் எட்டு வருஷமாக என் தலையில் இருந்த பாரம் அது. ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு முப்பத்தைந்து மின்சார ரயிலைப் பிடிக்க ஓடினேன். தாம்பரத்தில் இறங்கி ஜாங்கிரி வாங்கினேன். போர்டு என்கிற ஒன்று உலகத்தில் இருப்பதே ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஞாபகமில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் வாட்ச்மேன் சேட்டு என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"இன்னா சார், சனிக்கெழம உங்க ரூம்ல போன் கத்திகினே கெடந்துது. மூணு தபா. பூட்டிகீதே, இன்னா பண்றது?"

"எத்தனை மணிக்கு?"

"மூணு, மூணரை இருக்கும். குழாயில தண்ணி குடிக்க வந்த ஃபவுண்டரி ஜெயவேலுகூட சிரிச்சுது, இன்னாடா ஆபீசர் பொண்டாட்டி வுடாம கூப்புடுதேன்னு." அவன் குரல் இறங்கியது. "கடைசில பாத்தா அது அவனுக்கே வந்த போன் சார். அவன் பொஞ்சாதிக்கு ஏழு மாசத்துலயே வலி கண்டு தாம்பரம் ஆஸ்பத்திரில சேத்துகிறாங்க. ஆம்பளப் புள்ள. மூணு மணி நேரம் உசுரோட இருந்துச்சாம். மச்சான்காரன் போன் பண்ணிப் பாத்துட்டு பஸ்ஸு புடிச்சு வந்தான். இவன் ஓடறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

மாடிக்கு ஏறிப் போனேன். போர்டு அறை திறந்திருந்தது. யூனிஸ் ஒரு பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கிழக்குத் தாம்பரத்துப் பெண், இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"சார், இது இருபத்தொண்ணுல இருந்துது" என்றாள். "நான் முப்பத்தொண்ணுலதானே போட்டேன்? அன்னிக்கு சர்ச்ல கொயர் பாட்டு பிராக்டிஸ், லேட் ஆயிடுச்சுன்னு ஓடினேன். கை தவறிடுச்சா சார்?"

பதில் என் வாயில் தயாராக இருந்தது. இல்லை யூனிஸ், நான்தான் மாற்றினேன். நான்கே சொற்கள். அதைச் சொல்லாமல், "இருக்கலாம்" என்றேன்.

அவள் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து, "குட் மார்னிங்" என்றாள்.

பத்து மணிக்கு ஸ்ரீரங்கன் கூப்பிட்டார். "உம்ம கிட்டயும் ஒரு சாவி இருக்கே. போர்டைத் தொட்டீரா?"

"டெலக்ஸ் தாளைக் கிழிக்கத்தான் சார் அந்த ரூமுக்குப் போவேன்."

அது பொய்யில்லை. அதுதான் கேவலம். பொய் சொல்லாமல் தப்பிக்கிற வாக்கியத்தை அமைக்க எனக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணுதான். ஒரு மெமோ எழுதும். உம்ம பாணியில."

எழுதினேன். ஐந்து பத்திகள். நான்காவது பத்தி இன்னும் மனப்பாடம்: 'இருபத்தொன்றாம் துளையும் முப்பத்தொன்றாம் துளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளமையால், சிறிதளவு கவனக்குறைவும் இத்தகைய தவறுக்குப் போதுமானது.' ஸ்ரீரங்கன் அதைப் படித்துவிட்டு, "பேஷ்" என்றார்.

அன்று மாலையே யூனிஸ் அந்த மெமோவை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், எனக்குப் பேச வரும், எழுத வராது. பதில் நீங்களே எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுத?"

"தப்புதான்னு எழுதுங்க. வேற என்ன இருக்கு?"

அதையும் எழுதினேன். ஒரே கையெழுத்தில் குற்றச்சாட்டும் மன்னிப்பும் இருந்தால் நன்றாயிராது என்று அதை டைப் செய்தேன். அவள் கையெழுத்துப் போடப் பேனா தேடினாள். என் பேனாவைக் கொடுத்தேன்.

அவளைப் போர்டிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். நிரந்தரமாக்குவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. ஸ்டோர்ஸ் ஜன்னல் ஃபவுண்டரியைப் பார்த்தது. ஜெயவேலு கையுறையோ மண்வெட்டியோ வேண்டுமென்றால் அந்த ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். அவன் சீட்டை வைத்துவிட்டு முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். அவள் சாமானை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாடி வராந்தாவில் நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்காமல் இருக்கத்தான் நினைப்பேன். கால் அங்கேதான் போகும்.

ஆவணியில் தங்கை கல்யாணம் நடந்தது. யூனிஸ் வந்திருந்தாள். சர்ச் கடையில் வாங்கிய, பூ வேலைப்பாடு செய்த மேஜை விரிப்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். ஏகாம்பரம் அவளிடம், "உங்க ஆபீசருக்குக் கம்பெனில ரொம்ப செல்வாக்கோ?" என்று கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, சார் எழுதினா அதுக்கு மேல பேச்சே இல்ல" என்றாள். என்னை விட்டுக் கொடுக்காமல் சொன்னாள்.

அடுத்த வருஷம் கம்பெனி ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் வைக்கத் தீர்மானித்தது. உள்ளே ஒருவரையொருவர் கூப்பிட இனி ஆபரேட்டர் வேண்டாம், டயலைச் சுழற்றினால் போதும். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்க மட்டும் ஓர் ஆள். பீரோ அளவு இரும்புப் பெட்டி ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பழைய போர்டின் வயர்களையெல்லாம் பிடுங்கி வராந்தாவில் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அன்று யூனிஸ் வந்தாள்.

"சார், புது எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ஆள் வேணுமாமே. எனக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதித் தரீங்களா? ஸ்டோர்ஸ்ல தூசி ஒத்துக்கல. குரலே போயிடுச்சு, கொயர்லகூடப் பின்னால நிக்க வச்சுட்டாங்க."

தாளை எடுத்தேன். தேதி, பொருள் எல்லாம் எழுதினேன்.

"முதல்லயே அதை எழுதிடுங்க சார். முன்னாடி செஞ்ச தப்பை மன்னிச்சுன்னு."

பேனா நகரவில்லை. தலை வலிக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கன் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை தப்பிச் சொன்னேன். முதலில் ஜாங்கிரியைச் சொல்லி, பிறகு பிளக்கைச் சொல்லி, மறுபடி ஏகாம்பரத்துக்குத் திரும்பி வந்தேன்.

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்றீரே, நீர் மனுஷன்தானா? இப்ப இதை வெளில எடுத்தா உமக்கு வேலை இருக்காது. யூனியன்காரன் என்னைச் சும்மா விடுவானா?" கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஒண்ணு செய்யறேன். அந்தப் பொண்ணைப் புது எக்ஸ்சேஞ்சுலயே போட்டுடறேன். பர்மனென்டும் ஆக்கிடறேன். நீர் வாயை மூடிக்கும். ஃபைலும் மூடினது மூடினதாவே இருக்கட்டும்."

அந்த அறையை விட்டு வெளியே வரும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. நடந்ததையெல்லாம் விட அந்த லேசுக்காகத்தான் இன்று அதிகமாகக் கூசுகிறேன்.

நான்காம் நாள் ஆர்டர் வந்தது. யூனிஸ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள்.

"சார்! அப்ளிகேஷன் குடுக்கறதுக்குள்ள ஆர்டர் வந்துடுச்சு! நீங்கதானே பேசினீங்க? ஸ்ரீரங்கன் சார் சொன்னார், வேதாசலத்துக்கு தேங்க்ஸ் சொல்லுன்னு." அவளுடைய குரல் உண்மையிலேயே கரகரத்துப் போயிருந்தது. "உங்களுக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன் சார்."

அப்போதுதான் சொன்னேன். துணிந்து சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கி எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சொன்னேன். "யூனிஸ், பிளக்கை மாத்தினது நான். நீங்க முப்பத்தொண்ணுலதான் போட்டிருந்தீங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் ஆர்டரை நான்காக மடித்தாள்.

"நெஜமா நான் சரியாத்தான் போட்டேனா?"

"ஆமாம்."

"ஒரு வருஷமா அந்தப் பாவத்தை மன்னியும்னு முழங்கால் போட்டிருக்கேன் சார். கண்ணை மூடினா என் கை அந்தத் தப்பான துளையில செருகற மாதிரியே தெரியும். செருகாத கை." அவள் கத்தவில்லை. "கையெழுத்துப் போடப் பேனாகூட நீங்கதானே குடுத்தீங்க?"

சட்டைப் பையில் இருந்த பேனாவை என் கை மறைத்தது.

"சினேகிதி மாதிரி வீட்டுக் கல்யாணத்துக்கு வேற கூப்பிட்டீங்க." வெளியே ஃபவுண்டரிப் பக்கம் பார்த்தாள். "மெமோவை எடுக்கச் சொல்லி நான் கேக்கல. உங்க வேலையும் போக வேணாம், உங்க அம்மா இருக்காங்க. ஜெயவேலு அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க. அவர் ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் என்கூடப் பேசாதீங்க."

ஜெயவேலுவைக் குழாயடியில் பார்த்தேன். ஷிப்டு முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். சொல்ல ஆரம்பித்ததும் குழாயை மூடினான். ஈரக் கையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"இதே எடத்துல நின்னுகினு கேட்டேன் சார், அந்த மணிய" என்றான். "சிரிச்சேன்."

"தெரியும்."

"அந்தப் போனம்மா இல்லியா அப்ப?"

"இல்லை. நான்."

"இன்னா சார் நீ..." என்றான். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு, "சனிக்கெழம ஒரு மணிக்கு என்கூட படப்பைக்கு வா" என்றான். "என் பொஞ்சாதி இன்னும் அந்தம்மாவ மண்ண வாரித் தூத்திகினு கீறா. நான் சொன்னா நம்பாது. நீயே உன் வாயால சொல்லு."

சனிக்கிழமை அவன் ஆறு மணி வரை இருந்த ஷிப்டை வேறொருவனுக்கு மாற்றிவிட்டிருந்தான். தாம்பரம் வந்து முடிச்சூர் ரோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எண் போட்டு அடுக்கிப் பார்த்தேன். முதல் பத்தியே நிற்கவில்லை.

படப்பை சந்தையைத் தாண்டி ஒரு ஓட்டு வீடு. ஜெயவேலு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "இந்தா, கம்பெனிலேர்ந்து வந்துகீறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தான். மெலிந்த பெண் ஒருத்தி அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டையையும் பேனாவையும் பார்த்ததும், உள்ளே ஓடி ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தலைப்பாலேயே துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஆபீசர். தண்ணி கொண்ணாரட்டுமா?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஆபீசர் இல்லம்மா" என்றேன். "கிளார்க்கு."